மூன்றாவது சரணம்

ஹைகோ கிராசிங், வட கரோலினா
பிப்ரவரி 9, 1964

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஐசம் எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் இந்த வரிவரைக்கும் வந்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. நான் சுகம். முட்டி மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. உனக்கு ரத்த அழுத்தம் என்று அம்மாவை அடக்கம் செய்ய வந்தபோது சொன்னாய். அதுவும் ஆயிற்று ஒன்பது வருஷம். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை, அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே உன் பெயர். உப்பைக் குறைத்தாயா இல்லையா என்று அட்டையில் எழுதலாம் அல்லவா?

இங்கே எல்லாம் பழையபடிதான். புகையிலைக் கிடங்கில் இலை சுமக்கிறேன். ஏலம் நடக்கிற மாதங்களில் கிடங்கு வாசலில் கிட்டார் வாசிப்பு. சனிக்கிழமைகளில் லூதர் வீட்டுப் பின்பக்கம் மீன் பொரிப்பார்கள், அங்கே வாசிப்பு. என் லூலா செத்துப்போன பிறகு சமையலும் என் கையில்தான். என் சோளரொட்டியைத் தின்றுவிட்டு லூதரின் நாய் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் வந்தார், ஃபெல்டன் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ்டர் ஐசம் ராய்ஸ்டர்?" என்றார். ஒரு கறுப்பனுக்கு வெள்ளைக்காரர் வாயிலிருந்து மிஸ்டர் வந்ததும் போலீஸ்தான் என்று நினைத்துக் கோடாலியைக் கீழே போட்டுவிட்டேன். அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "கடைசியில உங்களக் கண்டுபிடிச்சிட்டேன்!" என்று குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"நான் எங்கங்க தொலைஞ்சேன்? முப்பது வருஷமா இதே ரோட்டுலதான இருக்கேன்" என்றேன்.

அவர் பையில் என்னுடைய பழைய ரெக்கார்டு. 1935-ல் ஷார்லட்டில் பாடியது. அதைத் திரும்பப் போட்டு விற்கிறார்களாம். வடக்கே காலேஜ் பிள்ளைகள் வரி தப்பாமல் மனப்பாடமாகப் பாடுகிறார்களாம். ஜூலை பதினெட்டாம் தேதி ஹட்சன் ஆற்றங்கரையில் பெரிய பாட்டு விழா, நான் வந்து பாட வேண்டுமாம்.

அவர்கள் கேட்பது அந்தப் பாட்டைத்தான். ரெக்கார்டு கம்பெனி ‘வேலி தாண்டின கழுதை’ என்று பேர் வைத்த பாட்டு. உன் பாட்டு.

எனக்கு ஒன்று வேண்டும் அக்கா. அந்தப் பாட்டின் மூன்றாவது சரணம், நீ பாடினது. அதை மட்டும் எழுதி அனுப்பு. ஒரு தடவையாவது அதைச் சரியாகப் பாடிவிட வேண்டும்.

அன்புடன்,
ஐசம்


நெவார்க், நியூ ஜெர்சி
மார்ச் 2, 1964

ஐசமுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். உப்பை விட்டு நாலு வருஷமாகிறது. கீரையில் பன்றிக்கறித் துண்டு போடுவதையும் விட்டேன். இப்போது சாப்பாடு மருந்து மாதிரி இறங்குகிறது. நீ முட்டியில் ஆமணக்கெண்ணெய் தேய், சும்மா முனகிக்கொண்டிருக்காதே.

லாண்டரியில் இன்னும் இஸ்திரிப் பகுதியில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கிறேன். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை. கொயரில் சேரச் சொல்லிப் பாஸ்டர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். வாசலில் நிற்பவள் பாட வேண்டியதில்லை, எனக்கு அதுதான் வசதி.

நாலு பேர் மதிக்கிற இடத்தில் நீ பாடப் போவது சந்தோஷம். அழுக்குச் சட்டையோடு போய் நிற்காதே. யாரும் வாங்க வராத பழுப்புக் கோட்டு ஒன்று லாண்டரியில் ஒரு வருஷமாகக் கிடந்தது. வெளுத்துத் தேய்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரு பொத்தான் இல்லை, வேறு வைத்துத் தைத்திருக்கிறேன். லூலாவின் கல்லறையில் புல் வெட்டுகிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்டெல் மெபேன்


ஹைகோ கிராசிங்
மார்ச் 11, 1964

அன்புள்ள அக்காவுக்கு,

கோட்டு வந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு. லூதர் பார்த்துவிட்டு, "யாரு செத்ததுக்கு இந்தக் கோட்டு?" என்கிறான். பொறாமை. முட்டிக்கு எண்ணெய் தேய்த்தேன். வலி போகவில்லை, பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. லூலாவின் புல்லை வெட்டினேன். உன் கைகள் எப்படி இருக்கின்றன? அந்த நீராவியில் நின்று தோல் உரியும் என்றாயே.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், நான் கேட்டதற்கு மட்டும் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன், விட்டதை நீ சேர்த்துக் கொடு.

1931, ஏப்ரல். நாலு நாள் மழை. உன் குழந்தை டோவிக்குப் பதினோரு மாதம், காய்ச்சல் விடவே இல்லை. கிளின்டன் மச்சான் வின்ஸ்டனுக்கு வேலை தேடிப் போயிருந்தார். வீட்டில் நீயும் நானும் டோவியும். மூன்றாம் நாள் மத்தியானம், நீ அவளை மடியில் போட்டுக்கொண்டு ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாய். அப்போது வாயில் வந்ததைப் பாடினாய். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கிட்டாரில் கட்டைவிரலால் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கெணத்துத் தண்ணி குளுந்திருக்கு, ஒன் நெத்தி மட்டும் கொதிக்குது
கெணத்துத் தண்ணி குளுந்திருக்கு, ஒன் நெத்தி மட்டும் கொதிக்குது
துணிய நனைச்சுப் போடுறேன் கண்ணு, காயறதுக்குள்ள முழிச்சுக்கோ.

வைத்தியரு வீடு அக்கரையில, பாலத்து மேல வெள்ளம்
வைத்தியரு வீடு அக்கரையில, பாலத்து மேல வெள்ளம்
தண்ணி வடியட்டும் கண்ணு, வடியற வரைக்கும் இரு.

இந்த இடத்தில் நீ என்னைப் பார்த்து, "ஐசம், ஓடிப்போய்ப் பாலத்தப் பாத்துட்டு வாடா, தண்ணி எறங்கிருச்சான்னு" என்றாய். கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினேன். தண்ணீர் இறங்கவில்லை. நான் திரும்பி வந்தபோது நீ பாடிக்கொண்டிருக்கவில்லை.

நான் போன அந்த அரைமணி நேரத்தில் நீ மூன்றாவது சரணம் பாடியிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது.

அன்புடன்,
ஐசம்


நெவார்க்
மே 20, 1964

ஐசமுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் கடிதம் பத்து வாரமாக மேஜை விரிப்புக்கு அடியில் கிடந்தது. தினமும் அதன்மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டேன்.

ஒரு தடவை சரியாகப் பாட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தப்பாகப் பாடியபோது நான் எங்கே இருந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. சொல்கிறேன்.

1936, ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். ரோக்ஸ்போரோவில் நம் ஆட்கள் சாப்பாட்டுக் கடை. காசு போட்டால் பாடும் பெட்டி புதிதாக வந்திருந்தது. நான் நெத்திலி மாதிரி இருந்த ஒரு மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் உன் குரல். ‘கெணத்துத் தண்ணி குளுந்திருக்கு.’ மீனைத் தட்டில் வைத்துவிட்டேன். என் தம்பி என் குழந்தையை மறக்கவில்லை, பாட்டாகப் பாடி ஊரெல்லாம் கேட்கவைத்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம் உன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்தது. ஏன் இவ்வளவு வேகமாகப் பாடுகிறான் என்று மட்டும் தோன்றியது. பெண்கள் எழுந்து இடுப்பை ஆட்ட ஆரம்பித்தார்கள். டோவியின் காய்ச்சலை அவர்கள் வேறு சூடாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வந்தது அந்தக் கழுதை.

பக்கத்து வீட்டுக் கழுத ஒண்ணு வேலி தாண்டி வந்துச்சு,
பக்கத்து வீட்டுக் கழுத ஒண்ணு வேலி தாண்டி வந்துச்சு,
வெரட்டப் போன பொம்பள மட்டும் வீடு திரும்பக் காணமே.

கடையே குலுங்கிச் சிரித்தது. பரிமாறுகிற ஓஸி என் முதுகில் ஓங்கித் தட்டி, "ஒன் தம்பி பலே ஆளுடி வெர்டெல்! எங்கருந்துடி புடிச்சான் இத?" என்றாள். அடுத்த வாரம் ரயிலேறிவிட்டேன். எல்லோரும் வேலைக்காகத்தான் வடக்கே போனேன் என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

எப்படி உனக்கு மனசு வந்தது ஐசம்? வேறு எதுவும் எனக்குக் கேட்க வேண்டியதில்லை. இருபத்தெட்டு வருஷமாக இது ஒன்றுதான்.

வெர்டெல் மெபேன்


ஹைகோ கிராசிங்
மே 27, 1964

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஷார்லட்டில் ஒரு ஹோட்டலின் மாடி அறை. வெளிச்சத்தம் ரெக்கார்டில் விழாமலிருக்க ஜன்னலெல்லாம் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். நான் மூன்று பாட்டு கொண்டுபோயிருந்தேன். பாடிக் காட்டினேன், மூன்றையும் வேறு யாரோ முன்பே பாடிவிட்டார்கள் என்று தள்ளிவிட்டார்கள். "சொந்தமா ஒண்ணும் கெடையாதா ஒன்கிட்ட?" என்றார் ரெக்கார்டு கம்பெனி ஆள். என்னிடம் சொந்தமாக ஒன்றுமில்லை அக்கா. எனக்கு விரல் இருந்தது, பாட்டு இல்லை. அப்போது உன் பாட்டு வாயில் வந்துவிட்டது. அவருக்குப் பிடித்தது. டோவி மூச்சு வாங்கின நடையில்தான் தட்டினேன். "இதுக்கு எவன் ஆடுவான்? வேகமா அடி" என்றார். வேகமாக அடித்தேன்.

பாட்டைப் பதிக்கிற மெழுகுத் தட்டு சுற்ற ஆரம்பித்தால் மூன்று நிமிஷம் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தட்டு பாழ், பாடினவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் என் பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்தார். கையை எடுத்தால் முடிக்க வேண்டும், அழுத்தினால் தொடர வேண்டும். வேகமாக அடித்ததில் இரண்டு சரணமும் சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. கை தோளை விட்டுப் போகவில்லை. அழுத்தியது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். வரி தீர்ந்துபோனால் வேறு பாட்டிலிருந்து ஒரு வரியை எடுத்துச் செருகிவிடுவோம், எல்லாப் பாட்டுக்காரனும் செய்வான். மீன் விருந்தில் யாரோ பாடின கழுதை வரி அப்போது நாக்கு நுனியில் இருந்தது. பாடிவிட்டேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கை தோளைத் தட்டிக்கொடுத்தது.

எனக்கு இருபத்து மூன்று வயது. அந்தச் சிரிப்பு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மறுபடி பொய்யாகிவிடும்.

அதற்கப்புறம் இருபத்தொன்பது வருஷம் நான் எதை வாசித்தாலும், "அது கெடக்கட்டும், கழுதய வுடு ஐசம்" என்பார்கள். மாவுக் கம்பெனி விளம்பரத்துக்காக ரேடியோவில் மூன்று வருஷம் சனிக்கிழமை மதியம் பாடினேன், அங்கேயும் கழுதை. லூலாவை அடக்கம் செய்த மறு வாரமும் கழுதை. என் பிழைப்பு முழுக்க அதன் முதுகில்தான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டாவது சரணம் முடியும்போது எனக்குப் பாலம் ஞாபகம் வரும்.

மன்னித்துவிடு என்று எழுதினால் ஒரே வார்த்தையில் முடிந்துபோகிறது. அதனால்தான் சரணத்தைக் கேட்கிறேன்.

ஐசம்


ஹைகோ கிராசிங்
ஜூன் 22, 1964

அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்றுகூடத் தெரியவில்லை. தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். தபால்காரன் நான் யாரையோ காதலிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

இன்னும் நாலு வாரம் கூட இல்லை. பாட்டை மெதுவாக, பழைய நடையில், வாசித்துப் பழகுகிறேன். இரண்டாவது சரணம் வரைக்கும் நன்றாகப் போகிறது. அதற்கப்புறம் கட்டைவிரல் சும்மா தட்டிக்கொண்டே இருக்கிறது.

நீ எழுதாவிட்டால் அந்தப் பாட்டைப் பாட மாட்டேன் என்று ஃபெல்டனிடம் சொல்லிவிடப் போகிறேன்.

ஐசம்


நெவார்க்
ஜூலை 1, 1964

ஐசமுக்கு,

எனக்குக் கொஞ்சம் மயக்கம் இருந்தது, இப்போது பரவாயில்லை. இந்த வாரம் வெயில் அதிகம், இஸ்திரிப் பகுதியில் இரண்டு பெண்கள் விழுந்துவிட்டார்கள். நான் விழவில்லை.

மூன்றாவது சரணம் என்று ஒன்றும் கிடையாது.

உன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் என்ன செய்வேன், இல்லாததை எங்கிருந்து எடுத்து அனுப்புவேன்? ‘வடியற வரைக்கும் இரு’ என்று பாடி முடித்தேன். உன்னைப் பாலத்துக்கு அனுப்பினேன். நீ வாசற்படி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. துணியை மாற்றலாம் என்று எடுத்தேன். நெற்றி குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்து உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன் ஐசம். சந்தோஷத்தில் திறந்தேன். அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன்.

நீ நனைந்துகொண்டே ஓடிவந்து, "இன்னும் எறங்கலக்கா, சாயங்காலத்துக்குள்ள எறங்கிரும்" என்றாய். நான் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்காவது அந்த நேரம் அவள் இருக்கட்டும் என்று.

பாட்டு அவ்வளவுதான். கேட்கிற ஆள் போய்விட்டாள், அதனால் நின்றுவிட்டது. அன்றையிலிருந்து நான் பாடினதில்லை, சர்ச்சிலும் இல்லை. பாத்திரம் கழுவும்போது கூட வாய் அசைவதில்லை.

நீ பாடத்தான் வேண்டும் என்றால் இரண்டோடு நிறுத்து. ஒன்றும் சேர்க்காதே. நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு. இதுதான் நான் கேட்பது.

மோர் நிறையக் குடி. பயணத்தில் தண்ணீர் மாற்றிக் குடித்தால் உனக்கு வயிறு கெடும்.

வெர்டெல்


ஹைகோ கிராசிங்
ஜூலை 9, 1964

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மயக்கம் தீர்ந்ததா? இஸ்திரிப் பெட்டிப் பக்கம் போகாமல் மடிக்கிற வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேள்.

முப்பத்து மூன்று வருஷமாக நான் இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறேன். சாயங்காலம் லூதர் வந்தான், "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றான். டோவி செத்துப்போனாள் என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டோடு நிறுத்துகிறேன். சத்தியம்.

வியாழக்கிழமை பஸ். புதுச் சட்டம் வந்துவிட்டதாம், நம் ஆட்கள் பின்சீட்டுக்குப் போக வேண்டியதில்லையாம், முன்சீட்டில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். கோட்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி,
ஐசம்


ஹைகோ கிராசிங்
ஜூலை 24, 1964

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பி வந்தேன். முன்சீட்டில்தான் உட்கார்ந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கழுத்து இரண்டு நாள் பின்னாலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வயிறும் கெடவில்லை. உனக்கு எப்படி இருக்கிறது?

விழா நன்றாக நடந்தது. புல்வெளி நிறைய ஆட்கள், கண்ணுக்கு எட்டின மட்டும் தலை. நீ சொன்ன மாதிரி மெதுவாக, இரண்டு சரணம் பாடினேன். நிறுத்தினேன். அவ்வளவு கூட்டத்திலும் ஒரு சத்தம் இல்லை அக்கா. பிரசங்கம் முடிந்த பிறகு சர்ச்சில் இருக்குமே, அப்படி. கைகூடத் தட்டவில்லை. சில பேர் அழுததைப் பார்த்தேன். ஃபெல்டன் வந்து, "இதுக்கப்புறம் எதையும் சேக்கக் கூடாது மிஸ்டர் ஐசம்" என்றார். உன் பாட்டு உன் பாட்டாகவே போய்ச் சேர்ந்தது. நீ நிம்மதியாக இருக்கலாம்.

இங்கே ஈரக்காற்று, அதனால் கிட்டாரைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். லூதர் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போகவில்லை. கொஞ்சம் களைப்பு, வேறொன்றுமில்லை.

உன் தம்பி,
ஐசம்


நெவார்க்
செப்டம்பர் 30, 1964

அன்புள்ள ஐசமுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள், உட்கார்ந்தே செய்யலாம். உனக்குக் களைப்பு என்று எழுதியிருந்தாய். ஜூலை மாதத்தில், ஊரெல்லாம் மீன் பொரிக்கிற நேரத்தில், எந்தப் பாட்டுக்காரன் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவான்? ஈரக்காற்றாம். யாரிடம் சொல்கிறாய்?

கவருக்குள் ஒரு பழுப்புப் பொத்தான் வைத்திருக்கிறேன். உன் கோட்டின் மூன்றாவது பொத்தான், அந்தக் கறுப்பு, ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இருபதாவது வரிசையிலிருந்தே தெரிந்தது.

நான் வந்திருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சர்ச் தொப்பியைப் போட்டுக்கொண்டு காலையில் பஸ் ஏறினேன். பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து உன் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பவுண்டு கேக் ஒன்று செய்து மடியில் வைத்திருந்தேன்.

அந்த வெயிலில் நீ அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாய். இளைத்துவிட்டாய். மைக்கில், "இது எங்க அக்கா பாட்டு" என்றாய். என்னமோ வேடிக்கை சொல்லப் போகிறாய் என்று அவர்கள் சிரித்தார்கள். நீ மெதுவாக ஆரம்பித்தாய். எனக்கு அந்தக் கட்டில் தெரிந்தது, அவள் மூச்சு கேட்டது. இரண்டு சரணம். நீ கையைக் கம்பியிலிருந்து எடுத்தாய். நாலு மூச்சு விடும் நேரம் அமைதியாக இருந்தது. அதை நீ பொய்யாக எழுதவில்லை, நாலு மூச்சு எனக்குக் கிடைத்தது.

பின்னால் யாரோ ஒருவன் ஆரம்பித்தான், ‘பக்கத்து வீட்டுக் கழுத ஒண்ணு.’ தங்களைப் பாடச் சொல்லித்தான் நீ நிறுத்தினாய் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வரி முடிவதற்குள் புல்வெளி முழுக்கப் பாடியது. நீ வேண்டாம் என்று கையைத் தூக்கினாய். தாளம் போடச் சொல்கிறாய் என்று எல்லோரும் கைதட்டினார்கள். நீ கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய்.

இதையெல்லாம் எனக்காகத்தான் மாற்றி எழுதினாய். நானும் அதை நம்பின மாதிரியே இருந்திருக்கலாம். ஆனால் நீ பார்க்காத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், இருபது வயதிருக்கும், தலையில் பூ. நல்ல பெண். காலையிலிருந்து எனக்குக் குடை பிடித்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் என் தோளில் கையைப் போட்டு இழுத்து, சிரித்துக்கொண்டே, "பாடுங்கம்மா! ஒங்க ஆளுங்க பாட்டாச்சே, ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றாள்.

நான் பாடினேன் ஐசம்.

முப்பத்து மூன்று வருஷம் கழித்து என் வாய் திறந்தது, அதற்குத்தான் திறந்தது. எல்லா வரியும் எனக்குத் தெரிந்திருந்தது. கடையில் ஒரு தடவை கேட்டதுதான், எங்கேயும் தடுக்கவில்லை. அவளுக்கு ஈடாகக் கைதட்டினேன். சிரித்தேன் கூட. நாள் முழுக்க வெள்ளைக்காரர்களின் துணியைத் தேய்க்கிற இடத்தில் சிரிக்கிற சிரிப்பு. ‘வீடு திரும்பக் காணமே’ வரைக்கும் முழுசாகப் பாடி முடித்தேன். என் குரல் நன்றாகவே இருந்தது. அந்தப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள்.

அதனால்தான் மேடைக்குப் பின்னால் வரவில்லை. கேக்கை அவளிடமே கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

எப்படி மனசு வந்தது என்று இத்தனை வருஷம் உன்னைக் கேட்டேன். இனிக் கேட்க மாட்டேன். மனசு வர வேண்டியதே இல்லை. தோளில் ஒரு கை அழுத்தினால் போதும். உனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, எனக்கு ஐம்பத்தைந்து.

பொத்தானைப் பழுப்பு நூலால் தை, இரட்டை நூலாக. கிறிஸ்துமஸுக்கு இங்கே வா. கிட்டாரைக் கொண்டுவந்தால் கொண்டுவா, இல்லாவிட்டால் வெறும் கையோடு வா. இரண்டு பேரும் அடுக்களையில் உட்காரலாம். ஒன்றும் பாட வேண்டாம்.

முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

உன் அக்கா,
வெர்டெல்